நாக்கின் வரலாறு: ஸ்காட்லாந்தின் கறுப்பு ஏல் பற்றிச் சில குறிப்புகள்

1

குடியைப் பற்றி இதுவரை எழுதியவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, குடிப்பவனைத் திருத்த வந்தவர்கள். பாதிரியார், நீதிபதி, போலீஸ் அதிகாரி, பண்ணை முதலாளி. இவர்களுடைய எழுத்தில் குடிக்கிறவனுக்கு நாக்கே இருக்காது. தள்ளாடுகிற கால், பொண்டாட்டியை அடிக்கிற கை, மறுநாள் வேலைக்கு வராத உடம்பு, இவ்வளவுதான். இரண்டாவது வகை, ரசிகர்கள். இவர்களுடைய எழுத்தில் நாக்கும் மூக்கும் மட்டும்தான் இருக்கும். முதல் மடக்கில் இனிப்பு, நடுவில் வறுத்த ரொட்டி, கடைசியில் லேசான கசப்பு என்று எழுதுவார்கள். இவர்கள் எழுத்தில் யாருக்கும் கால் தள்ளாடாது.

ரெண்டு பேரும் பேசறது ஒரே சரக்கைப் பத்தித்தான். யார் வாயில் ஊற்றப்படுகிறது என்பதைப் பொறுத்து அது ஒழுக்கக்கேடாகவோ ரசனையாகவோ மாறிவிடுகிறது. நம்மாளுங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேரிக்காரன் குடிச்சா அது அவன் பிறவிக்குணம். ஊர்ப் பெரிய மனுசன் கிளப்பில் குடிச்சா அது நாகரிகம். இந்த இரண்டு எழுத்திலும் வராத ஒருத்தர் இருக்கிறார். அந்தச் சரக்கு காய்ச்சிய பானைக்கு அடியில் எரிந்த கரியை வெட்டிச் சுமந்தவர். அவருடைய கையை, முதுகை, கழுத்தை எந்த ரசிகரும் ருசி பார்த்து எழுதியதில்லை.

2011இல் ஒரு கருத்தரங்குக்காக ஸ்காட்லாந்துக்குப் போயிருந்தேன். எடின்பரோவில் ஒரு மாலை, அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கறுப்பு ஏல் ஒன்றைக் குடித்தேன். ஏல் என்பது பீரில் ஒரு வகை. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்கொத்தோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயர். கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைக்கிற வீட்டில் எழும் வாசனை தெரிந்தவர்களுக்கு இதன் வாசனை பாதி தெரிந்த மாதிரி.

நான் குடித்தது கனமான வகை. 'வீ ஹெவி' என்பார்கள். 'வீ' என்றால் சின்னது, 'ஹெவி' என்றால் கனம். அளவில் சின்னது, ஏறுவதில் பெரியது. சாதாரண பீரைவிடப் போதை கூடுதல். இந்த வகையில் பெரும்பாலும் 6 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்து இருக்கும். கிளாஸைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தால் கருஞ்சிவப்பு. கருப்பட்டி காய்ச்சும்போது பதம் வரும் நேரத்துப் பாகின் நிறம். மேலே நுரை மெல்லிசாகத்தான் இருந்தது, சீக்கிரம் அடங்கிவிட்டது. ஐஸ் போட்டுக் குளிரவைத்துக் கொடுப்பதில்லை. அதனால் வாசனை தாராளமாக எழுந்தது. கருகிய ரொட்டி ஓரம், கருப்பட்டி, ஊறிய பேரீச்சை. நாக்கில் பட்டதும் இனிப்பு. கூழின் தெளிவைக் குடிப்பதுபோல ஒரு கொழகொழப்பு. கசப்பு பிந்தி வந்தது, அதுவும் அடக்கமாக. விழுங்கியபின் தொண்டையிலும் நெஞ்சிலும் ஒரு சூடு. அந்த ஊர்க் குளிருக்கு அந்தச் சூடு என்னத்துக்கு ஆகுதுன்னு ஒரே மடக்குல புரிஞ்சிடும்.

நல்லா இருந்தது. இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ருசி பார்ப்பது மேட்டுக்குடியின் சொத்து அல்ல. எனக்கு முன்னால் யார் யாரோ குடித்துக் கழுவி வைத்த கிளாஸில்தான் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதுவும் ருசியின் ஒரு பகுதிதான். ஆனால் எழுத வேண்டியது இந்த ருசி எங்கிருந்து வந்தது என்பதை.

2

ரசிகர்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். ஸ்காட்லாந்து குளிர் பூமி. ஹாப்ஸ் கொடி அங்கே வளராது. இங்கிலாந்துக்காரனிடம் காசு கொடுத்து வாங்க மனசு வராது. அதனால் கசப்பைக் குறைத்து மால்ட்டை ஏற்றினார்கள். சாற்றை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சினார்கள், அதனால் கறுத்தது. மால்ட்டைப் புல்கரி மூட்டத்தில் உலர்த்தினார்கள், அதனால் புகை மணம். மண், குளிர், புகை, தேசம். கேட்க அழகாக இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு ஆலைகளின் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் இந்தக் கதையில் பாதிக்குமேல் நிற்காது என்று காட்டிவிட்டார்கள். எடின்பரோ ஆலைகள் ஹாப்ஸைத் தாராளமாக இறக்குமதி செய்தன. நல்ல கசப்பான வெளிர் ஏலை இந்தியாவரைக்கும் கப்பலேற்றின. கொதிக்கவைத்த நேரம் இங்கிலாந்து ஆலைகளைவிடப் பெரிதாகக் கூடுதல் இல்லை. பிற்காலத்தில் பல ஏல்களுக்குக் கறுப்பு வந்தது கருக்கிய சர்க்கரையைக் கலந்ததால். ஒரே சாற்றுக்கு வேண்டிய அளவு சாயம் ஏற்றி வேறு வேறு பெயரில் விற்றதும் உண்டு.

இந்தக் கட்டுக்கதை ஏன் இவ்வளவு நாள் நின்றது? எல்லாவற்றையும் இயற்கையின் தலையில் போட்டுவிட்டால் மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. மண் கொடுத்தது, குளிர் கொடுத்தது என்றால், யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள், கூலி எவ்வளவு என்ற கேள்வியே எழாது. பெருங்கதையாடல்கள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. நம் ஊரில் தஞ்சாவூரின் நெல்லைக் காவிரி கொடுத்தது என்று பாடுகிற மாதிரி.

இந்த ஏல்களுக்குப் பழக்கத்தில் உள்ள பெயர்களைப் பாருங்கள். 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங், 90 ஷில்லிங். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பீப்பாய்க்குப் போட்ட விலைதான் இப்படிப் பெயராக ஒட்டிக்கொண்டது. 1971இல் பிரிட்டன் ஷில்லிங்கையே கைவிட்டது. அந்தப் பத்தாண்டில் பழைய முறை ஏலுக்கு மறுபடி மவுசு வந்தபோது, செத்துப்போன நாணயத்தின் பெயரை ஏல் திரும்ப எடுத்துக்கொண்டது. விலையைப் பெயரில் வைத்திருக்கிற ஒரு குடி, அந்த விலையில் உழைத்தவருக்குப் போனது எவ்வளவு என்பதை மட்டும் எந்தப் பெயரிலும் வைக்கவில்லை.

3

முதலில் ஏல் காய்ச்சியவர்கள் பெண்கள். 1509இல் அபர்டீன் நகரத்தில் ஏல் காய்ச்சி விற்றவர்கள் 150 பேருக்கு மேல், அத்தனை பேரும் பெண்கள். வீட்டு அடுப்பில் காய்ச்சினார்கள், வாசலில் விற்றார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடின்பரோவில் ஆண்களின் சங்கம் வந்தது. பெரிய அண்டாக்கள் வந்தன, முதலீடு வந்தது. பெண்கள் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டார்கள். காசு வராதவரை பெண் வேலை, காசு வர ஆரம்பித்தால் ஆண் தொழில் என்ற விதி அங்கேயும் அப்படியே.

அண்டா பெரிசானால் அடுப்பும் பெரிசாக வேண்டும். விறகு பத்தாது. எடின்பரோவைச் சுற்றியும், ஃபோர்த் முகத்துவாரத்தின் இரு கரைகளிலும் நிலக்கரி இருந்தது. தென்கரையில், எடின்பரோவுக்குக் கிழக்கே பிரஸ்டன்பான்ஸ் என்று ஓர் ஊர். 'பான்ஸ்' என்பது உப்புக் காய்ச்சும் அகன்ற இரும்புச் சட்டிகள். கடல்தண்ணீரை ஊற்றி, அடியில் நிலக்கரியை எரித்து உப்பு எடுத்த ஊர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நியூபேட்டில் மடத்துத் துறவிகள் அந்தப் பக்கத்தில் கரி எடுத்திருக்கிறார்கள். 'வீ ஹெவி' என்ற பெயரைப் பரப்பியது இதே பிரஸ்டன்பான்ஸில் இருந்த ஃபவுலர் ஆலை. சின்ன பாட்டிலில் அடைத்து விற்ற கனத்த ஏல். அந்த ஆலை 1960களில் மூடப்பட்டது.

உப்பு, கரி, ஏல் மூன்றும் ஒரே ஊரில். மூன்றுக்கும் அடியில் ஒரே நெருப்பு. அந்த நெருப்புக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் 1606க்குப் போக வேண்டும்.

1606இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கரி வெட்டுகிறவர், கரி சுமக்கிறவர், உப்புக் காய்ச்சுகிறவர், இவர்களை முந்தைய எஜமானின் சீட்டு இல்லாமல் யாரும் வேலைக்கு வைக்கக்கூடாது. சீட்டு இல்லாமல் போனவனை எஜமான் ஒரு வருஷம் ஒரு நாளுக்குள் திரும்பக் கேட்டு இழுத்துக்கொள்ளலாம். முன்பணம் வாங்கிவிட்டு ஓடினவன் திருடன். அதாவது அவன் தன்னையே திருடிக்கொண்டு ஓடியவன்! ஊர் சுற்றும் பரதேசிகளையும் பிச்சைக்காரர்களையும் பிடித்துச் சுரங்கத்தில் இறக்கவும் அதே சட்டம் அதிகாரம் கொடுத்தது.

1641இல் இன்னொரு சட்டம். இதைத்தான் ஏல் குடிக்கிறவர்கள் படிக்க வேண்டும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போன்ற பண்டிகைகளில் கரித் தொழிலாளிகளும் உப்புத் தொழிலாளிகளும் வேலைக்கு வராமல் அந்த நாட்களைக் குடியிலும் கூத்திலும் கழிக்கிறார்கள், இது தேவனுக்கு அவமதிப்பு, எஜமானுக்கு நஷ்டம் என்று சட்டமே எழுதியது. அதனால் வாரம் ஆறு நாளும் கட்டாய வேலை, வராவிட்டால் அபராதம். தேவனையும் எஜமானையும் ஒரே வாக்கியத்தில் வைத்த சட்டம். குடியைக் காட்டி ஓய்வைப் பிடுங்கிய சட்டம். நான் முதலில் சொன்ன முதல் வகை எழுத்துக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

1701இல் காரணமில்லாமல் யாரையும் சிறையில் அடைக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. சுதந்திரத்தின் சாசனம் என்று பெருமை பேசப்பட்டது. அதிலேயே ஒரு விலக்கு. கரித் தொழிலாளிகளுக்கும் உப்புத் தொழிலாளிகளுக்கும் இது பொருந்தாது. எல்லாருக்கும் உரிமை, இவர்களைத் தவிர. இந்த வாக்கியத்தை நாம எங்கெங்கயோ கேட்டிருக்கோம், இல்லையா தோழர்களே?

சட்டத்தில் இல்லாததை வழக்கம் செய்தது. 'ஆர்ல்ஸ்' என்று ஒரு முன்பணம். தொழிலாளிக்குப் பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் கொடுக்கும்போது எஜமான் ஒரு சின்னத் தொகையை அன்பளிப்பாகக் கொடுப்பான். அதைத் தகப்பன் வாங்கிக்கொண்டால் பிள்ளையும் அந்தச் சுரங்கத்துக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. பெயர் வைக்கும் நாளிலேயே எஜமானும் வைத்தாயிற்று. சுரங்கம் கைமாறினால் நிலத்தோடும் இயந்திரத்தோடும் சேர்ந்து ஆட்களும் கைமாறினார்கள்.

4

பெண்கள் ஏல் அடுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்றேன். நெருப்பை விட்டு அவர்கள் போகவில்லை. கிழக்கு ஸ்காட்லாந்துச் சுரங்கங்களில் ஆண் கரி வெட்டுவான். வெட்டியதைச் சுமந்து மேலே கொண்டுவருவது அவன் மனைவியும் மகள்களும். கூடையைத் தூக்கி முதுகில் வைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, குனிந்து ஏற வேண்டும். கை இரண்டும் சுமைக்கு வேண்டும் என்பதால் எரிகிற மெழுகுவர்த்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினவர்களும் உண்டு.

ஃபோர்த்தின் வடக்குப் பக்கம் ஆலோவா. பிரஸ்டன்பான்ஸைப் போலவே கரிக்கும் ஏலுக்கும் பெயர் போன ஊர். 1760களில் தொடங்கிய ஜார்ஜ் யங்கர் ஆலையும் அதற்குப் பின் வந்தவையும் ஆலோவா ஏலை வெளிச்சந்தைக்குக் கொண்டுபோயின. அங்கே இருந்த கரியெல்லாம் மார் பிரபுக் குடும்பத்துடையது. அந்தச் சுரங்கங்களில் பொறியாளராக இருந்த ராபர்ட் பால்ட் 1808இல் ஸ்காட்லாந்தின் கரி வணிகம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் பின்பகுதியில் நிலத்தடியில் கரி சுமக்கும் பெண்களின் நிலைமையை விசாரித்திருக்கிறார். முதலாளி பக்கத்து ஆள்தான். ஆனாலும் கண்ணால் பார்த்ததைக் கணக்காக எழுதினார். இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் எழுதினார்.

அவர் கணக்கு இது. ஒரு பெண் தூக்கும் சுமை குறைந்தது 170 ராத்தல், கிட்டத்தட்ட 77 கிலோ. அதோடு நிலத்தடியில் சரிவில் 150 கஜம் ஏற வேண்டும். பிறகு குழியின் படிக்கட்டில் 117 அடி. மேலே வந்து இன்னும் 20 கஜம் நடந்து கொட்ட வேண்டும். இது ஒரு நடை. ஒரு நாளைக்கு 24 நடை.

பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளில் ஒரு பெண்ணின் முதுகில் ஏறியது 1,850 கிலோ. படிக்கட்டு மட்டும் 2,800 அடி. தினமும் ஒரு மலையைக் கரியோடு ஏறி இறங்கினாள். அந்த மலைக்கு எந்த ரசிகரும் பெயர் வைக்கவில்லை.

1842இல் அரசு நியமித்த விசாரணை ஆணையம் சுரங்கத்துப் பெண்களையும் குழந்தைகளையும் நேரில் கேட்டு அவர்கள் சொன்னதைச் சொன்னபடி அச்சிட்டது. நம்முடைய பத்திரிகைகள் சாட்சியம் என்று எதை வெளியிடுகின்றனவோ அதுதான். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பெண்களோடு காலை ஐந்து மணிக்கு இறங்கி மாலை ஐந்து மணிக்கு ஏறுவதாகவும், வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க வேலை என்றும் சொல்லியிருக்கிறாள். ஆய்வாளர் கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் குரல் இல்லை. எழுதத் தெரியாதவர் வரலாறு இப்படி யாரோ ஒருவர் கேட்டதால் மட்டும் தப்பிப் பிழைக்கிறது.

அதே ஆண்டு வந்த சட்டம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் வேறு வேலை கொடுக்கவில்லை. முதுகிலிருந்து சுமையை இறக்கிய சட்டம் அடுப்பில் இருந்த பானையையும் சேர்த்து இறக்கிவிட்டது. பெண்களின் ஒழுக்கம் கெடுகிறது என்பதுதான் அன்றைய கனவான்களின் பெரிய கவலை. கூலியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு.

5

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. கழுத்தில் மாட்டுவது. ஃபோர்த் நீரிலிருந்து கிடைத்தது. அதில் பொறித்திருக்கும் செய்தி இதுதான். அலெக்சாண்டர் ஸ்டுவர்ட் என்பவன் திருட்டுக்காக மரண தண்டனைக்குரியவன் என்று 1701 டிசம்பர் 5 அன்று பெர்த் நகரில் தீர்ப்பாகி, ஆல்வாவின் சர் ஜான் எர்ஸ்கினுக்கு நிரந்தர ஊழியனாக நீதிபதிகளால் அன்பளிக்கப்பட்டான். ஆல்வா, ஆலோவாவுக்குப் பக்கத்து ஊர். மேலே சொன்ன 'சுதந்திர சாசனம்' வந்த அதே 1701.

இவன் கரித் தொழிலாளியாகப் பிறந்தவன் இல்லை, தண்டனையால் அடிமையானவன். கரித் தொழிலாளிகள் எல்லாரும் வளையம் மாட்டிக்கொண்டு திரிந்ததாகச் சொல்வது தப்பு. அவர்களுக்கு வளையம் தேவைப்படவில்லை. அவர்கள் பேச்சும் குடியிருப்பும் முகத்தில் படிந்த கரியும் போதும். 1820களில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் நிட்ரியில் கல்தச்சராக வேலை பார்த்த ஹ்யூ மில்லர் பிற்பாடு பெரிய எழுத்தாளரானார். அடிமையாகவே பிறந்து வளர்ந்த கரித் தொழிலாளிகள் அப்போதும் அந்த ஊரில் உயிரோடு இருந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

1778இல் எடின்பரோ உயர்நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. ஆப்பிரிக்காவில் பிறந்து ஜமைக்காவில் விற்கப்பட்டு ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜோசப் நைட், தன் எஜமான் வெடர்பர்னை எதிர்த்துத் தொடுத்த வழக்கு. ஜமைக்காவின் அடிமைச் சட்டம் இந்த மண்ணில் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. மகத்தான தீர்ப்பு. அந்தத் தீர்ப்புச் சொன்ன நாளில் நீதிமன்றத்து அடுப்பில் எரிந்த கரியை வெட்டியவர்களில் பலர் இன்னும் சட்டப்படி கட்டுண்டவர்கள்.

இதற்கு எட்டு வருஷம் முந்தி நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஃபோர்த்தின் வடகரையில் ஃபைஃப் பகுதி, வெமிஸ். அதுவும் கரியும் உப்பும் எடுக்கும் கடலோரம். வெஸ்ட் இண்டீஸிலிருந்து டேவிட் டால்ரிம்பிள் என்ற மருத்துவர் ஓர் ஆப்பிரிக்க அடிமையைக் கொண்டுவந்தார். அவர் 1769இல் வெமிஸ் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அந்தத் திருச்சபைப் போதகரின் குடும்பப் பெயரையே தன் பெயராக்கி, டேவிட் ஸ்பென்ஸ் ஆனார். இனி நான் உன் அடிமை இல்லை என்று எஜமானிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். எஜமான் விடவில்லை. பிடித்து அடைத்தார்கள், வழக்கு வந்தது. அந்த வழக்குச் செலவுக்குக் காசு திரட்டிக் கொடுத்தவர்களில் அந்தப் பகுதியின் கரித் தொழிலாளிகளும் உப்புத் தொழிலாளிகளும் இருந்தார்கள். தீர்ப்பு வருமுன் 1770இல் டால்ரிம்பிள் இறந்துபோனார். ஸ்பென்ஸ் சுதந்திர மனிதராக அங்கேயே வாழ்ந்தார்.

யோசிச்சுப் பாருங்க. தாங்களே விலங்கில் கிடந்தவர்கள், தோல் நிறம் வேறான, மொழி வேறான ஒருவனின் விலங்கை உடைக்கத் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டிருக்கிறார்கள். அடிமைத்தனம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. குடியிலும் கூத்திலும் காசை அழிப்பவர்கள் என்று 1641இல் சட்டம் யாரைத் திட்டியதோ, அந்த மக்களின் வாரிசுகள் காசைச் செலவழித்த விதம் இது.

6

1775இல் கரி அடிமை முறையைக் கலைக்க முதல் சட்டம் வந்தது. இது அடிமைத்தனம்தான் என்று சட்டமே ஒத்துக்கொண்டது. ஆனால் மனம் இளகி வந்த சட்டம் இல்லை. கட்டு இருப்பதால் புது ஆட்கள் சுரங்கத்துக்கு வர மாட்டேன் என்கிறார்கள், கரிக்கோ கிராக்கி கூடிக்கொண்டே போகிறது. அதுதான் காரணம். ஏற்கெனவே உள்ளவர்கள் வயதுக்குத் தகுந்தபடி மூன்றிலிருந்து பத்து வருஷம் இன்னும் உழைக்க வேண்டும், அதற்கப்புறம் நீதிமன்றம் போய்த் தன் விடுதலையைத் தானே கேட்டு வாங்க வேண்டும். வழக்குக்குக் காசு எங்கே? எஜமானிடம் பட்ட கடன் பாக்கி வேறு. பலர் அப்படியே கிடந்தார்கள். 1799இல் இரண்டாவது சட்டம் வந்துதான் முழுசாக முடிந்தது. 193 ஆண்டுகள்.

இதே காலத்தில் ஏலுக்காக நாடு கொந்தளித்த கதையும் உண்டு. 1725இல் லண்டன் அரசு ஸ்காட்லாந்தின் மால்ட்டுக்கு வரி போட்டது. ஜூன் 24ஆம் தேதி கிளாஸ்கோவில் கலவரம். வரியை ஆதரித்ததாகச் சொல்லி டேனியல் கேம்பல் என்ற பெரும் வணிகரின் மாளிகையைச் சூறையாடினார்கள். ராணுவம் சுட்டதில் பலர் செத்தார்கள். எடின்பரோவில் ஏல் காய்ச்சுகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். கடைசியில் கேம்பலுக்கு 6,080 பவுண்டு நஷ்டஈடு. அடுத்த வருஷமே அவர் ஐலே என்ற ஒரு தீவையே விலைக்கு வாங்கினார். ஸ்காட்லாந்தின் தேசிய வரலாற்றில் இந்தக் கலவரத்துக்கு இடம் உண்டு. ஏலின் விலையில் தேசத்தின் மானத்தைப் பார்த்தவர்களுக்கு ஏலின் அடுப்பில் எரிந்தவர்களின் மானம் கண்ணில் படவில்லை.

விடுதலைக்குப் பிறகும் முதலாளிகள் குடியை விடவில்லை. 1896இல் ஃபைஃப் கரிக் கம்பெனி ஹில் ஆஃப் பீத் என்ற ஊரில் 'கோத்தன்பர்க்' முறையில் ஒரு மதுக்கடை திறந்தது. பங்குதாரருக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடையாது, மிச்சம் ஊர்ப் பொதுக்காரியத்துக்கு. 1908இல் பிரஸ்டன்பான்ஸிலும் ஒன்று வந்தது. சில ஊர்களில் இந்தக் காசில் நூலகமும் செவிலியரும் வந்தது உண்மை. கம்பெனி கொடுத்த கூலி கம்பெனியின் கண் முன்னால் குடியாகத் திரும்பி வந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். தொழிலாளிகள் பக்கத்திலிருந்தும் குடியை எதிர்த்த குரல் வந்தது. பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கி, 1892இல் நாடாளுமன்ற உறுப்பினரான கீர் ஹார்டி கடைசிவரை குடிக்காதவர். எஜமான் குடிக்காதே என்று சொன்னதும் ஹார்டி சொன்னதும் ஒன்றல்ல. முன்னது உற்பத்திக்காக. பின்னது சுயமரியாதைக்காக.

நம்முடைய கதையோடு இதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 1843இல் ஐந்தாம் சட்டம் சொன்னது. அப்புறம் 133 வருஷம் கழித்து, 1976இல், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் போட வேண்டி வந்தது. அங்கே சட்டம் கட்டியது, சட்டமே அவிழ்த்தது. அதற்குப் பின் மூன்று நான்கு தலைமுறைகளில் கரித் தொழிலாளியின் பேரன் யாருடைய பேரன் என்று முகத்தைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. இங்கே கட்டியது சட்டம் மட்டுமில்லை. தீட்டு என்ற ஒன்று பிறப்பிலேயே கட்டியது. அதை எந்தச் சட்டமும் இன்னும் முழுசா அவிழ்க்கலை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, "எல்லா நாட்டிலும் இப்படித்தான் இருந்தது" என்று சாதியை லேசாக்கப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

ஆனால் முறை ஒன்று கிடைக்கிறது. ஒரு கிளாஸ் ஏலிலிருந்து பின்னோக்கி நடந்தால் மால்ட், அண்டா, அடுப்பு, கரி, கூடை, நெற்றி வார், சட்டப் புத்தகம் என்று போய்ச் சேர முடிகிறது. அங்கே அதற்குச் சட்டங்களும் ஆலைக் கணக்குகளும் 1842இன் சாட்சியங்களும் இருக்கின்றன. நம்முடைய சுண்டக்கஞ்சிக்கு, கள்ளுக்கு, பட்டைச் சாராயத்துக்கு யார் கணக்கேடு வைத்தார்கள்? போலீஸ் வழக்கும் கலால் வருமானமும் மட்டும்தான் காகிதத்தில் இருக்கின்றன. காய்ச்சியவர்கள், சுமந்தவர்கள், விற்றவர்கள், அதைக் குடித்துவிட்டு மறுநாள் நடவுக்கும் மூட்டை தூக்கவும் போனவர்கள், இவர்களிடம் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடிய பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இதைப் படிக்கிற மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய் உட்கார வேண்டும். என்ன குடிச்சீங்க என்பதோடு நிறுத்தாமல், என்ன வேலை செஞ்சீங்க, என்ன கூலி வாங்கினீங்க என்றும் கேட்க வேண்டும்.